நித்திரையின் இயல்பும் அதன் குறைகளும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மனித வாழ்வுக்கு இன்றியமையாதன என்பதை யாவரும் அறிவர். அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க நான்காவது பொருளொன்று உண்டு. அதுவே நித்திரை. நோன்பிருத்தலைப் போற்றுவோரும் அளவோடு உண்ணுதலின் தேவையை மறுப்பதில்லை. உறங்காதிருத்தலை ஊக்கத்தின் அடையாளமாகவும் உறங்குதலைச் சோம்பலின் அடையாளமாகவும் கொள்ளும் எண்ணமோ நம்மவரிடையே வேரூன்றிக் கிடக்கின்றது. "இராப்பகலாய்க் கண்விழித்துப் படித்தவன்" என்பது நமது ஊரிலே பெரும் புகழ்மொழி. அங்ஙனம் கண்விழித்தவன் படித்தவற்றுள் எவ்வளவை மனத்தில் நிறுத்தினான் என்று கேட்பார் அரியர்.

நம் முன்னோர் நித்திரையை இழிவாகக் கருதினாரல்லர். தொல்காப்பியப் புறத்திணையியலிலே கண்படை நிலை என்று ஒரு துறை கூறப்படுகின்றது. அரசன் அவைக்கண் நெடும்பொழுது வீற்றிருந்தவிடத்து, மருத்துவரும் அமைச்சரும் முதலியோர் அவன் துயில்கொள்ள வேண்டுதலைக் கருதிக் கூறுவது என அதற்கு நச்சினார்க்கினியர் பொருளுரைப்பர். நாடாளும் வேந்தனுக்கும் துயிலுங் காலத்தை நினைவூட்டுவோர் வேண்டியிருந்தனர் என்பதும், அவருள் மருத்துவரும் ஒருவர் என்பதும் சிந்திக்கத்தக்கன. திருவள்ளுவர் கெடுவார் விரும்பும் நான்கனுள் துயிலையும் ஒன்றாக வைத்தாரன்றோ எனின், அவர் அதனை மடியின்மை என்னும் அதிகாரத்தில் வைத்தமையை நோக்குக. அவர் கடிந்தது செயலுக்குரிய காலத்திற் கொள்ளும் அளவிறந்த துயிலையே. உடலுக்கு உரிய துயிலை அன்று.

இம்மலரைப் படிப்போருள் பழைய மாணவரும், இன்று வகுப்பிலிருக்கும் மாணவரும், அவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியரும் உளர். நித்திரைக் குறை இம்மூவகையாரையும் வெவ்வேறு வகையாற் பற்றுகின்றது. ஆதலின் நித்திரையாவது யாது, அதற்கு நேருங் குறைகள் எவை, அவற்றை நீக்கும் வழி யாது என்பவற்றை முறையே ஆராய்வாம். நோயை அறுதியிட்டு மருந்து கொடுத்தல் வைத்தியர்க்கு உரியது. எந்நிலையில் வைத்தியரை நாடவேண்டும் என்று அறிந்திருத்தல் நம் ஒவ்வொருவர்க்கும் உரியது.

நித்திரையின் இயல்பு

விளக்கு அணைந்தாற் போல மூளை ஓய்ந்து கிடக்கும் நிலையே நித்திரை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஜேர்மன் நாட்டு வைத்தியர் ஹான்ஸ் பேர்கர், மனித மூளையில் எழும் நுண்ணிய மின்னலைகளைப் பதிவு செய்யும் முறையை 1929ஆம் ஆண்டில் வெளியிட்டார். அம்முறையைக் கொண்டு உறங்குவோரை ஆராய்ந்தபோது, மூளை இரவு முழுவதும் தொழிற்படுகின்றது என்பது புலனாயிற்று. 1953ஆம் ஆண்டிலே சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைற்மனும், உறங்குவோரின் மூடிய இமைகளுக்குள்ளே கண்கள் சிலவேளை விரைந்து அசைவதைக் கண்டு வெளியிட்டனர். அவ்வேளையில் எழுப்பப்பட்டோருட் பெரும்பாலார் தாம் கனவு கண்டுகொண்டிருந்ததாகக் கூறினர்.

இதனால் நித்திரை இருவகைத்து என்பது பெறப்பட்டது. ஒன்று அமைதி நித்திரை. மற்றையது கனவு நித்திரை. அமைதி நித்திரை மெல்லியது முதல் ஆழ்ந்தது ஈறாக மூன்று படிகளை உடையது. இவ்விருவகையும் ஏறக்குறைய 90 நிமிடங்கொண்ட சுற்றாக மாறிமாறி வரும். ஓர் இரவில் இத்தகைய சுற்றுக்கள் நான்கு முதல் ஆறு வரை நிகழும். இரவின் முற்பகுதியில் ஆழ்ந்த நித்திரை மிகுதி. விடியலை அண்டிய பகுதியிற் கனவு நித்திரை மிகுதி. எனவே எட்டு மணித்தியாலம் உறங்க வேண்டியவன் ஆறு மணித்தியாலத்தோடு எழுவானாயின், மொத்த நித்திரையில் நாலில் ஒரு பங்கை இழக்கின்றான். கனவு நித்திரையிலோ அதனினும் மிக்க பங்கை இழக்கின்றான்.

நித்திரையை வருவிப்பன இரண்டு. முதலாவது, விழித்திருந்த நேரத்தின் சுமை. நாம் விழித்திருக்குந்தோறும் அடினோசின் என்னும் பொருள் மூளையில் மெல்லமெல்லச் சேர்கின்றது, உறங்கும்போது குறைகின்றது. அது மிகுந்தவிடத்துக் கண்ணயர்வு உண்டாகும். தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கபீன் இச்சுமையை இறக்குவதன்று. மூளை அதனை உணராதபடி மறைத்து நிற்பதே அதன் தொழில். கடன் கொடுத்தவன் படலையில் நிற்கக் கண்டு கதவைச் சாத்திக்கொள்வதை அஃது ஒக்கும். கதவைச் சாத்தியதனாற் கடன் தீர்வதில்லை.

இரண்டாவது, உடலினுள் இயங்கும் மணிக்கூடு. 1938ஆம் ஆண்டிலே மேற்கூறிய கிளைற்மனும் அவருடைய மாணவர் ஒருவரும் கென்ரக்கி மாநிலத்திலுள்ள மம்மத் குகையில், சூரியவொளி புகாத ஆழத்தில் 32 நாள் தங்கினர். நாளொன்றுக்கு 28 மணித்தியாலம் என வகுத்து வாழ்தல் கூடுமோ என்று அறிய முயன்றனர். மாணவர் அக்கணக்குக்குப் பழகிக்கொண்டார். கிளைற்மனின் உடலோ 24 மணித்தியாலக் கணக்கை விட்டு நீங்கவில்லை. வெளியிலே பகலும் இரவும் இல்லாதவிடத்தும் உடல் தனக்கென ஒரு காலக்கணக்கை வைத்திருக்கின்றது என்பது இதனால் விளங்கும். உயிரணுக்களினுள்ளே இக்கணக்கு நடைபெறும் முறையைக் கண்டறிந்தமைக்காக ஜெஃப்றி ஹோல், மைக்கல் றொஸ்பாஷ், மைக்கல் யங் என்னும் மூவர்க்கு 2017ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இம்மணிக்கூட்டைத் திருத்தி வைப்பது ஒளியேயாம். காலையொளி அதனை முன்னே தள்ளும். இரவில் மிக்க ஒளி அதனைப் பின்னே தள்ளும். இருள் சூழ்ந்தபின் மூளையிலுள்ள ஒரு சிறு சுரப்பி மெலற்றொனின் என்னும் ஓமோனைச் சுரந்து, இராக்காலம் வந்தமையை உடலுக்கு அறிவிக்கின்றது. இரவிலே கண்ணிற் படும் மிக்க ஒளி அச்சுரப்பைத் தடுக்கும்.

நித்திரையும் கல்வியும்

கற்றதை மறவாது வைத்திருத்தற்கு நித்திரை துணைசெய்யும் என்பதை 1924ஆம் ஆண்டிலேயே ஜெங்கின்ஸ், டலன்பாக் என்னும் இருவர் சோதித்துக் காட்டினர். பொருளற்ற அசைகளை மாணவர் இருவர்க்கு மனனஞ் செய்வித்து, உறங்கியபின் ஒருமுறையும் அதேயளவு நேரம் விழித்திருந்தபின் ஒருமுறையும் ஒப்புவிக்கச் செய்தனர். விழித்திருந்தபின் மறந்தவற்றினும் உறங்கியெழுந்தபின் மறந்தவை மிகக் குறைவாயின. பின்னர் நிகழ்ந்த ஆராய்ச்சிகள், பகலிற் பெற்ற அறிவை மூளை நித்திரையிலேயே ஒழுங்குபடுத்தி நிலைநிறுத்துகின்றது என்று காட்டியுள்ளன. படித்தல் விதைத்தலாயின், உறங்குதல் அவ்விதை வேரூன்றுதலாம்.

நித்திரையை முற்றாக ஒழித்தால் நிகழ்வது யாது என்பதற்கும் ஒரு மாணவனின் வரலாறே சான்று. 1963ஆம் ஆண்டு முடிவிலே சான் டியேகோ நகரத்தைச் சேர்ந்த றண்டி காட்னர் என்னும் 17 வயது மாணவன், பாடசாலை விஞ்ஞானக் காட்சிக்காக உறங்காதிருக்கத் தொடங்கி, 1964 ஜனவரி வரை 264 மணித்தியாலம் விழித்திருந்தான். பதினோராம் நாளிலே நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துச் செல்லும்படி அவனிடம் கூறப்பட்டது. 65 வரை வந்தவன் பேசாது நின்றான். ஏன் நின்றாய் என்று வினவியபோது, தான் செய்துகொண்டிருந்தது யாது என்பதை மறந்துவிட்டதாகக் கூறினான். பரீட்சை மண்டபத்திலே, விடை தெரிந்திருந்தும் கேள்வியைப் பாதியில் மறந்து நிற்கும் மாணவனின் நிலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அளவிலேயன்றித் தன்மையில் இல்லை.

13 முதல் 18 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியாலமும், 6 முதல் 12 வயது வரையுள்ளோர் 9 முதல் 12 மணித்தியாலமும், வளர்ந்தோர் 7 மணித்தியாலத்துக்குக் குறையாமலும் உறங்க வேண்டும் என்பது அமெரிக்க நித்திரை வைத்தியக் கழகத்தார் வகுத்த அளவு. இளம்பருவத்தினரின் உடல் மணிக்கூடோ இயல்பாகவே பின்தள்ளி இயங்குவது. பத்து வயதிலே ஒன்பது மணிக்கு உறங்கிய பிள்ளைக்குப் பதினாறு வயதிலே பதினொரு மணி வரை கண்ணயர்வு வாராமை அப்பருவத்தின் இயல்பேயன்றிக் குறும்பு அன்று. அப்பிள்ளையே விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து தனியார் வகுப்புக்குச் சென்று, அங்கிருந்து காலை மணி அடிக்குமுன் பாடசாலைக்கு ஓடிவந்து, மாலையிலும் வகுப்பொன்றுக்குச் சென்று, இரவிலே கைத்தொலைபேசியைப் பார்த்தபடி படுக்கைக்குப் போகின்றது. பதினொரு மணிக்கு உறங்கி ஐந்து மணிக்கு எழுந்தால் கிடைப்பது ஆறு மணித்தியாலம். குறைந்த அளவாகிய எட்டை நோக்கினும், பாடசாலை நாள் ஐந்திலும் சேர்ந்த குறை பத்து மணித்தியாலமாகும். க. பொ. த. உயர்தரப் பரீட்சைக்கு ஈராண்டு இவ்வாறு ஆயத்தஞ் செய்யும் மாணவன் எவ்வளவை இழக்கின்றான் என்பதை அவரவரே கணக்கிட்டுக்கொள்க. இதனை உணர்ந்தே கலிபோர்ணியா மாநிலத்தார், மேனிலைப் பாடசாலைகள் காலை 8.30 மணிக்கு முன் தொடங்கலாகாது என 2019இற் சட்டமியற்றி, 2022 முதல் நடைமுறைப்படுத்தினர்.

நித்திரைக் குறைகள்

மேற்கூறியது நாமே நித்திரையைக் குறைத்துக்கொள்வதால் வரும் கேடு. இனி, உறங்க விரும்பியும் உறங்கவொட்டாத குறைகளையும், உறங்கியும் பயனெய்தாத குறைகளையும் காண்பாம்.

முதலாவது, நித்திரையின்மை. படுத்தும் உறக்கம் வாராமை, இடையில் விழித்து மீண்டும் உறங்க இயலாமை, விடியுமுன் விழித்துக்கொள்ளுதல் என இது மூவகைப்படும். வாரத்தில் மூன்று இரவேனும் நிகழ்ந்து, மூன்று மாதம் நீடித்து, பகற்பொழுதின் செயலையுங் கெடுக்குமாயின் அது நாட்பட்ட நித்திரையின்மை எனப்படும். இதன் தோற்றத்தை ஆராய்ந்தவர்கள் ஓர் உண்மையை வெளிப்படுத்தியுள்ளனர். துயர், நோய், கடன், பரீட்சை முதலிய ஒரு காரணத்தால் நித்திரை முதலிற் கெடுகின்றது. அக்காரணம் நீங்கியபின்னும் நித்திரை திரும்பாமைக்குக் காரணம், இடைக்காலத்தில் நாம் பழகிக்கொண்ட பழக்கங்களே. இழந்ததை ஈடுசெய்யக் கருதி நேரத்தோடு படுத்தல், பகலில் நெடுநேரம் கிடத்தல், படுக்கையில் விழித்துக்கிடந்து மணிக்கூட்டைப் பார்த்தல், "இன்றும் நித்திரை வராதோ" என்று அஞ்சுதல் என்பன அப்பழக்கங்களாம். படுக்கை என்றாலே விழித்திருக்கும் இடம் என்று உடல் கற்றுக்கொள்கின்றது. கற்றது பழக்கத்தால் ஆயின், அதனைத் திருத்துவதும் பழக்கத்தாலேயே ஆகும். இதற்கென வகுக்கப்பட்ட மனநல நடத்தைப் பயிற்சியையே மருந்துக்கு முன் முதலிற் கையாளவேண்டும் என அமெரிக்க வைத்தியர் கல்லூரியார் 2016இல் விதந்துரைத்தனர்.

இரண்டாவது, குறட்டையோடு கூடிய மூச்சுத்தடை. குறட்டையை ஆழ்ந்த நித்திரையின் அடையாளமாகக் கருதி நகைப்போர் பலர். குறட்டை யாவும் நோயன்று. ஆயினும் உரத்த குறட்டை திடீரென நின்று, சிறிது நேரம் மூச்சு அடங்கி, பின் திணறலோடு மூச்சு மீளுமாயின் அது நோயின் குறி. உறக்கத்திலே தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுவழியை அடைத்தலால் இது நேர்கின்றது. ஒவ்வொரு தடையும் 10 வினாடிக்குக் குறையாது நிற்கும். மணித்தியாலத்துக்கு 30 தடைகளும் அவற்றின் மேலும் நிகழுமாயின் அது கடுமையான நிலை. ஒவ்வொரு முறையும் குருதியில் ஒட்சிசன் குறைய, மூளை தன்னையறியாமல் அரைகுறையாக விழிக்கின்றது. எட்டு மணித்தியாலம் படுத்தெழுந்தும் களைப்பு நீங்காமை, காலையில் தலையிடி, பகலில் அமர்ந்தவிடத்திற் கண்ணயர்தல் என்பன இதன் விளைவு. நாட்படின் உயர் குருதியமுக்கம், இருதய நோய், பாரிசவாதம் என்பவற்றுக்கு இடமாகும். உடற்பருமன் உடையோரிடத்து இது மிகுதியாயினும், மெலிந்தோர்க்கும் வரும். அடிநாவின் இருபுறத்துமுள்ள சதை வீங்கிய சிறுவர்க்கும் வரும். மூக்கிற் பொருத்திய கவசத்தின் வழியே சற்று அமுக்கத்துடன் காற்றைச் செலுத்தி இதனைத் தீர்க்கும் முறையைச் சிட்னி நகரத்து வைத்தியர் கொலின் சலிவன் 1981இல் வெளியிட்டார். இன்றும் அதுவே தலையாய சிகிச்சை. குறட்டை விடுவோன் தன் குறட்டையை அறியான். அறிபவர் இல்லாளும் பிள்ளைகளுமே. அவர் சொல்லை முறைப்பாடு என்று தள்ளாது வைத்தியரிடம் எடுத்துச்செல்லுதல் அறிவுடைமை.

மூன்றாவது, கால் அமைதியின்மை. மாலையிலும் இரவிலும் அமர்ந்தோ படுத்தோ இருக்கையிற் கால்களுக்குள்ளே ஏதோ ஊர்வது போன்ற உணர்வு எழுந்து, அசைத்தாலன்றி ஆறாத நிலை இது. எழுந்து நடந்தால் நீங்கும், படுத்தால் மீளும். சுவீடன் நாட்டு வைத்தியர் எக்பொம் 1945இல் இதனை விரிவாக விளக்கினார். உடலில் இரும்புச்சத்துக் குறைதல் இதற்கு ஒரு காரணமாதலின், குருதிப் பரிசோதனையால் அதனை அறிந்து நிறைவுசெய்யப் பலர் குணமடைவர். கருவுற்ற பெண்களிடத்தும் இது காணப்படும்.

நான்காவது, நம்மூரார் "பேய் அமுக்கியது" என்று கூறும் நிலை. விழித்த உணர்வு இருக்கும். கையுங் காலும் அசையா. மார்பின்மேல் யாரோ ஏறியிருப்பது போன்ற அச்சம் எழும். கனவு நித்திரையின்போது, கண்ட கனவின்படி உடல் எழுந்து செயற்படாதவாறு மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கின்றது. தசைகள் மீளுமுன் அறிவு விழித்துக்கொள்ளின் இந்நிலை உண்டாகும். சில நொடிகளிலோ சில நிமிடங்களிலோ அது தானே நீங்கும். நித்திரை குறைந்தோர்க்கும் நேரந்தவறி உறங்குவோர்க்கும் மல்லாந்து படுப்போர்க்கும் மிகுதியாக வரும். உறக்கத்தை ஒழுங்குபடுத்துவதே இதற்குப் பரிகாரம்.

ஐந்தாவது, உறக்கத்தில் எழுந்து செயற்படுதல். சிறுவர் சிலர் இரவின் முற்பகுதியில் எழுந்து நடப்பர். அல்லது வீறிட்டு அலறுவர். காலையில் ஒன்றும் நினைவிராது. ஆழ்ந்த நித்திரையிலிருந்து பாதி விழித்தலால் வருவது இது. அதட்டி எழுப்பாது மெல்லப் படுக்கைக்குக் கொண்டுசேர்த்துக் கதவு, படி, கிணறு என்பவற்றாற் கேடு வாராதபடி காத்தல் போதும். வளர வளரப் பெரும்பாலும் தானே நீங்கும். முதியோர் விடியற்பொழுதிற் கனவுக்கேற்பக் கையை வீசுதலும் உதைத்தலும் இதனின் வேறானவை. நரம்பு நோயொன்றின் முன்னறிகுறியாக அவை அமைதல் கூடுமாதலின் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

ஆறாவது, பகலில் அடக்கவொண்ணாது வரும் நித்திரை. இரவில் வேண்டிய அளவு உறங்கியும், உண்ணும்போதும் உரையாடும்போதுங்கூடச் சிலர் உறங்கிவிடுவர். வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் தளர்ந்து விழுதலும் உண்டு. 1880ஆம் ஆண்டிலே பிரெஞ்சு வைத்தியர் ஜெலினோ இந்நோய்க்குப் பெயரிட்டார். மூளையிலே விழிப்பைக் காக்கும் ஒரெக்சின் என்னும் பொருள் 1998இற் கண்டுபிடிக்கப்பட்டபின், அது குன்றுதலே இதற்குப் பெரும்பாலும் காரணம் என்பது தெரியவந்தது. அரிதாயினும் இந்நோய் பெரும்பாலும் பள்ளிப்பருவத்திலேயே தொடங்குகின்றது. அத்தகைய மாணவனுக்குக் கும்பகர்ணன் என்று பெயர் சூட்டி நகைத்தல் எளிது. வைத்தியரிடம் அனுப்பினால் மருந்தால் அவன் நன்கு படித்து வாழ்தல் கூடும்.

இவற்றோடு, நம் நாட்டு வரலாறு நமக்கு அளித்த ஒரு குறையும் உண்டு. போரையும் 1995ஆம் ஆண்டின் இடப்பெயர்வையும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் கடந்து வந்தோருட் சிலர், கண்டவற்றையே கனவிற் கண்டு திடுக்கிட்டு எழுகின்றனர். சிறு ஒலிக்கும் விழித்துக்கொள்கின்றனர். கோழைத்தனத்தால் வருவதன்று இது. ஆபத்துக் காலத்தில் உயிரைக் காத்த விழிப்பே ஆபத்து நீங்கியபின்னும் அடங்காது நிற்றலாம். காலம் கடந்துவிட்டது என்று கருதி மறைத்து வையாது மனநல வைத்தியரை நாடினால், ஆண்டுகள் பல சென்றபின்னும் பயன் உண்டு.

நன்னித்திரைக்கு வழி

இனி, பெரும்பாலார்க்குப் பொருந்தும் வழிகளைக் காரணத்தோடு கூறுதும்.

எழும் நேரத்தை ஒன்றாக வகுத்துக்கொள்க. படுக்கும் நேரம் நம் வசத்தில் முற்றாக இல்லை. எழும் நேரம் நம் வசத்தில் உள்ளது. விடுமுறை நாளிலும் ஏறக்குறைய அதே நேரத்தில் எழுந்தால் உடல் மணிக்கூடு நிலைபெறும். எழுந்தவுடன் முற்றத்திலோ வளவிலோ வெளிச்சத்தில் நடத்தல் நன்று.

படுக்கையை உறக்கத்துக்கே உரியதாக்குக. படுக்கையிற் கிடந்து படித்தலும் கணக்குப் பார்த்தலும் கைத்தொலைபேசி பார்த்தலும் ஒழிக. படுத்து 20 நிமிடமளவில் உறக்கம் வாராதாயின் எழுந்து வேறிடம் சென்று மங்கிய ஒளியில் அமைதியான செயலொன்றைச் செய்து, கண்ணயர்வு வந்தபின்னரே மீளுக. இம்முறையை 1972இல் ரிச்சட் பூட்சின் என்னும் உளவியலறிஞர் வகுத்தார். முதற் சில இரவுகள் கடினமாகத் தோன்றும். சில வாரங்களிற் பயன் தெரியும்.

தேநீரையும் கோப்பியையும் நண்பகலோடு நிறுத்துதல் நித்திரை குறைந்தோர்க்கு நலம். குடித்த கபீனிற் பாதியளவு ஏறக்குறைய ஐந்து மணித்தியாலத்தின் பின்னும் உடலில் நிற்கும். மாலை ஐந்து மணிக்கு விருந்தினரோடு பருகிய தேநீர் இரவு பத்து மணிக்கும் தன் தொழிலை விடாது. மதுவோ முதலில் மயக்கி, நள்ளிரவின்பின் நித்திரையைச் சிதைக்கும். மூச்சுத்தடை உடையோர்க்கு அதனை மிகுவிக்கும். புகைத்தலும் விழிப்பூட்டுவதே.

பகலுறக்கம் கொள்வோர் பிற்பகல் மூன்று மணிக்கு முன், அரைமணித்தியாலத்துக்கு மேற்படாது கொள்க. இரவில் நித்திரையின்மை உடையோர் அதனையும் விடுக.

உடலின் வெப்பம் சற்றே தணியும்போது உறக்கம் எளிதில் வரும். விறாந்தையிலும் முற்றத்திலும் பாய்விரித்துக் காற்றோட்டத்திற் படுத்த முன்னோர் இதனை அனுபவத்தால் அறிந்திருந்தனர். இன்று அடைத்த அறைகளில் வாழும் நாம் யன்னலைத் திறந்து, நுளம்புவலை கட்டி, ஒளியையும் ஒலியையும் குறைத்துப் படுத்தல் வேண்டும். கைத்தொலைபேசியை அறைக்கு வெளியே வைக்க. அதன் ஒளியினும் அதனுள்ளே வருஞ் செய்திகளே மனத்தை மிகுதியாக விழிப்பூட்டுகின்றன.

கவலை உடையோர் படுக்கைக்கு ஓரிரு மணித்தியாலம் முன்னரே, மறுநாட் செய்யவேண்டியவற்றைத் தாளொன்றில் எழுதி வைக்க. எழுதியதை மனம் மீண்டும் மீண்டும் ஒப்புவிக்க வேண்டுவதில்லை.

அயலவர் தந்த நித்திரைக் குளிசையை ஒருபோதும் உட்கொள்ளற்க. அவற்றுட் பல, பழகியபின் விடுதற்கு அரியன. முதியோரைத் தடுக்கி விழச்செய்வன. மூச்சுத்தடை உடையோர்க்கு ஆபத்து விளைப்பன. வைத்தியர் தருவதை வைத்தியர் குறித்த காலத்துக்கு மட்டுமே கொள்ளுதல் வேண்டும். நெடுநாள் உட்கொண்டவர் தாமே திடீரென நிறுத்துதலும் தீது.

யார் யாது செய்தல் வேண்டும்

ஆசிரியர்க்கு ஒரு விண்ணப்பம். வகுப்பிலே தலை தொங்கி அசைந்து உறங்கும் மாணவனைத் தண்டிக்குமுன் மூன்று வினாக்களைத் தனியே அழைத்து வினவுக. இரவில் எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழுந்தாய்? உறக்கத்திற் குறட்டையும் மூச்சுத்திணறலும் உண்டு என்று வீட்டார் கூறுகின்றனரா? வீட்டிலே உன் நித்திரையைக் கெடுக்கும் துயரம் ஏதும் உண்டா? முதல் வினாவின் விடை பெற்றாரிடமும், இரண்டாவதன் விடை வைத்தியரிடமும், மூன்றாவதன் விடை நம் அன்பினிடமும் அம்மாணவனைக் கொண்டுசெல்லும். இம்மூன்றுக்கும் பிரம்பு விடையாகாது.

பழைய மாணவர்க்கு ஒன்று கூறுவோம். விழாவுக்காகக் கொழும்பிலிருந்து இரவு முழுவதும் கண்டி வீதியில் வாகனமோட்டி வருவோர் உங்களுட் பலர். தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருந்தவனின் செயற்றிறன், பல நாடுகள் வாகனமோட்டிகளுக்கு எல்லையாக விதித்த 0.05 வீத மது குருதியிற் கலந்தவனின் செயற்றிறனை ஒக்கும் என 1997இல் அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் காட்டினர். காலை ஆறு மணிக்கு எழுந்து வேலைக்குச் சென்றவன், இரவு பதினொரு மணிக்கு அந்நிலையை அடைகின்றான். யன்னலைத் திறத்தலும் பாட்டுக் கேட்டலும் அவனைக் காவா. கண்ணிமை கனக்கத் தொடங்கியதும் வண்டியை ஓரமாக நிறுத்தி உறங்குக. அல்லது உறங்கியெழுந்தபின் புறப்படுக. விழாவுக்குச் சற்றுப் பிந்தி வந்தாலும் உங்களை வரவேற்கக் கல்லூரி காத்திருக்கும்.

மாணவர்காள், உங்களுக்கு இறுதியாகக் கூறுவது இது. விடுதிச்சாலைகளிலே இரவில் விளக்கணைக்க மணியடிக்கும் வழக்கத்தை உங்கள் தந்தையரும் பேரன்மாரும் அறிவர். அம்மணி அடித்தபின் புத்தகத்தை மூடியவர்களே பின்னாளில் வைத்தியராயும் பொறியியலாளராயும் ஆசிரியராயும் விளங்கினர். இன்று உங்கள் வீட்டிலே அம்மணியை அடிப்பார் இல்லை. நீங்களே அடித்துக்கொள்ள வேண்டும். பரீட்சைக்கு முதல்நாள் இரவு புதிய பாடம் எதனையும் தொடங்காதீர்கள். படித்தவற்றை ஒருமுறை மேலாகப் பார்த்து, எழுதுகோல்களையும் அடையாள அட்டையையும் எடுத்துவைத்து, வழக்கமான நேரத்திற் படுத்துக்கொள்ளுங்கள். ஈராண்டு முயன்று சேர்த்த அறிவை மறுநாட் காலையில் உங்கள் கையிற் கொண்டுவந்து தருவது அந்த இரவின் நித்திரையே.